மருத்துவ மேதை சுப்பாராவ்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், உழைப்பால் உயர்ந்த ஊர். பருத்தியையும் கதரையும் பேணி வளர்த்த அவ்வூர், பின்னர்ப் பனியன் தொழிலால் உலகறிந்த நகராயிற்று. பொழுது புலர்ந்ததும் அங்கே பின்னற் பொறிகள் சுழலத் தொடங்கும். வெட்டுவோர் துணியை அளந்து வெட்டுவர். தைப்போர் பொறியின் முன் அமர்ந்து துண்டுகளை இணைப்பர். பிசிர் நீக்குவோர் சிறு கத்தரியால் நூல்முனைகளைக் களைவர். மடிப்போர் மடித்துப் பெட்டியில் அடுக்குவர். பொறிகள் எத்துணைப் பெருகினும் இவ்வனைத்திற்கும் அடிப்படை மனிதருடைய பத்து விரல்களே. விரல் மடங்கி நிமிர்ந்தால்தான் துணி நகரும். துணி நகர்ந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

அவ்விரல்களையே பற்றி முடக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதனை முடக்குவாதம் என்பர். அந்நோய்க்கு உலகெங்கும் மருத்துவர் முதன்மையாக வழங்கும் மருந்து, ஓர் இந்தியப் பெருமகனார் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சென்னையில் பயின்று, அமெரிக்காவில் உழைத்து, அங்கேயே மறைந்த அப்பெருமகனார் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவர் வாழ்ந்த நாளில் அவர் பெயரை அறிந்தோர் சிலர். அவர் பணியால் நலம் பெற்றோரோ எண்ணிலர்.

முடக்குவாதம்

மனித உடலுக்குள் ஒரு காவற்படை உண்டு. வெளியிலிருந்து புகும் கிருமிகளை எதிர்த்துப் போரிடுவது அதன் கடமை. சிலருடைய உடலில் அக்காவற்படை நண்பரையும் பகைவரையும் வேறு பிரித்தறியாது, தன் உடலின் மூட்டுகளையே தாக்கத் தொடங்கும். மூட்டின் உட்புறத்தைப் போர்த்திய மெல்லிய சவ்வு வீங்கித் தடிக்கும். நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். காலையில் எழுந்ததும் கைகள் மரக்கட்டைபோல் விறைத்திருக்கும். குவளையைப் பற்றவும் பொத்தானை மாட்டவும் இயலாது. உரிய காலத்தில் மருந்து பெறாவிடின் விரல்கள் கோணி நிலையாக முடங்கிவிடும்.

இந்நோய் முதுமையில் மட்டும் வருவதன்று. உழைத்துப் பொருளீட்டும் நடுவயதிலேயே பலரைப் பற்றுகின்றது. ஆண்களினும் பெண்களையே மிகுதியாக வாட்டுகின்றது. இது தொழிலால் வருவதன்று. ஆயினும் கைத்தொழிலால் வாழ்வோர் வீட்டில் இது புகுந்தால், நோயோடு வறுமையும் உடன் புகும். ஆதலின், இதற்கு மருந்து காண்பது எலும்பையும் தசையையும் காப்பதோடு அமைவதன்று. குடும்பத்தின் வாழ்வையே காப்பதாகும்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவர் கொண்ட அக்குடும்பத்தில் செல்வம் நிறைந்திருக்கவில்லை. வருவாய்த் துறையில் பணியாற்றிய தந்தையார் உடல்நலங் குன்றி முன்னதாகவே பணியிலிருந்து விலகினார்.

இளமையில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் மிகுதியாக இருந்ததில்லை. பொருளீட்ட வேண்டும் என்னும் அவாவே மேலோங்கி நின்றது. பதின்மூன்று வயதில் உறவினச் சிறுவன் ஒருவனுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுச் செல்வராகலாம் என்பது அவர் எண்ணம். நிடதவோலு வரையில் சென்றபோதே பிடிபட்டார். தாயார் அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மகன் கற்றவனாதல் வேண்டும் என்பதில் அத்தாய் கொண்டிருந்த உறுதி பெரிது.

பள்ளி இறுதித் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதியே வெற்றி பெற்றார். இருமுறை தோற்றவர் என்று அன்று எவரேனும் அவரை எள்ளியிருத்தல் கூடும். அவர் பிற்காலத்தில் எய்திய நிலையை அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். அவருடைய கல்விக் காலத்திலேயே தந்தையார் காலமானார். உலக வாழ்வில் பற்று நீங்கி, இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு பூண விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்வதும் இறைவழிபாடே என்று தேர்ந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1919-ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். படிப்புச் செலவுக்கு மாமனார் உதவினார்.

கதர் அங்கியும் பட்டமும்

அந்நாளில் நாடெங்கும் விடுதலை வேட்கை பொங்கி எழுந்தது. அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு காந்தியடிகள் வேண்டினார். சிற்றூர்களில் இராட்டைகள் சுழன்றன. கொங்கு நாட்டில் திருப்பூர், கதர் உற்பத்திக்கும் வாணிகத்துக்கும் பெரும் நிலையமாக வளர்ந்தது. உழவர் வீட்டுப் பெண்டிர் நூற்ற நூல் நெசவாளர் தறியேறித் துணியாகி ஊர்தோறும் சென்றது.

அக்கதரைச் சுப்பாராவும் விரும்பி அணிந்தார். வீதியில் அணிந்ததோடு நில்லாது, அறுவை மருத்துவக் கூடத்தில் அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்துக்கொண்டார். அது கண்டு ஆங்கிலேயப் பேராசிரியர் சினங்கொண்டார். எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்கு எழுதியிருந்தார். ஆயினும் அவருக்கு எம்.பி.,பி.எஸ். என்னும் முழுப் பட்டம் கிட்டவில்லை. அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றிதழே வழங்கப்பெற்றது. ஒரு முழம் கதருக்கு அவர் கொடுத்த விலை அது. அவ்விலையைப் பற்றி அவர் வருந்தினாரெனினும், அங்கியை மாற்றிக்கொள்ள இசைந்தாரில்லை. குறைந்த சான்றிதழ் காரணமாக அரசின் மருத்துவப் பணியிற் சேரும் வாய்ப்பும் அவருக்கு அரிதாயிற்று.

உடன்பிறந்தாரை இழந்த துயர்

இதனினும் பெருந்துன்பம் வீட்டில் நேர்ந்தது. ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய் அக்குடும்பத்தைப் பற்றியது. உண்ட உணவு உடலிற் சேராது, குருதி வற்றும், உடல் மெலிந்து ஒடுங்கும். உடன்பிறந்தார் இருவரை ஒருவர்பின் ஒருவராக, சில நாள் இடைவெளியில், அந்நோய் கொண்டு சென்றது. மருத்துவம் பயின்ற சுப்பாராவ் அருகில் இருந்தும் ஒன்றும் செய்யக்கூடவில்லை. அந்நாளில் அந்நோய்க்கு மேனாட்டு மருத்துவத்தில் மருந்தில்லை.

அதே நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதி அவருக்குச் சிகிச்சை செய்து உயிர் காத்தார். நலமுற்ற பின் சுப்பாராவ் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியரானார். மருந்தில்லா நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதற்கு ஆராய்ச்சிக் கல்வி வேண்டும். அக்கல்வி அந்நாளில் கடல் கடந்த நாடுகளிலேயே கிடைத்தது.

கடல் கடந்த வாழ்வு

அறநிலையம் ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் கொண்டு, 1923-ஆம் ஆண்டளவில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கருவுற்றிருந்த மனைவியிடம், மூன்றாண்டுகளில் திரும்புவதாக உறுதி கூறிச் சென்றார். அவ்வுறுதி நிறைவேறவில்லை. பிறந்த மகன் தந்தையின் முகம் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தான். சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவேயில்லை. மேதைகளின் வரலாற்றைப் படிப்போர், அம்மேதைகளுக்காகக் காத்திருந்தோரின் வரலாற்றையும் மறத்தலாகாது. உலகம் பெற்ற நன்மையில் அவ்வம்மையாரின் தனிமையும் ஒரு பங்கு.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய் பற்றிய கல்வியைச் சுப்பாராவ் பயின்றார். கையில் பொருளில்லை. அவருடைய இந்தியச் சான்றிதழைக் கொண்டு அந்நாட்டில் மருத்துவத் தொழில் செய்யவும் இயலவில்லை. ஆதலின் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக அமர்ந்து, நோயாளரின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்தார். பகலில் ஆய்வு, இரவில் பணி என நாட்கள் கழிந்தன. தொழிலில் இழிவில்லை என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினார்.

தசையின் ஆற்றல்

உயிர் வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிஞருடன் அவர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று துல்லியமாக அளக்கும் முறை ஒன்றை இருவரும் 1925-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அம்முறை அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அம்முறையைக் கொண்டு அவர்கள் தசையை ஆராய்ந்தனர். தசை சுருங்குவதற்கும் விரிவதற்கும் வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பது அந்நாளில் பெரும் வினாவாக இருந்தது. 1927-ஆம் ஆண்டு பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-ஆம் ஆண்டு ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் தசையில் கண்டறிந்தனர். அதே 1929-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் கார்ல் லோமானும் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டறிந்தார். எறும்பு ஊர்வதும், குழந்தை சிரிப்பதும், தையற் பொறியை ஒருவர் மிதிப்பதும் இப்பொருளின் ஆற்றலாலேயே நிகழ்கின்றன. உயிரியல் பாடநூல் எதுவாயினும் இப்பொருளைக் கூறாது செல்வதில்லை.

1930-ஆம் ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. கூட்டாகச் செய்த ஆராய்ச்சியின் புகழும் அவருக்கு உரிய அளவில் சென்று சேரவில்லை. சென்னையில் முழுப் பட்டம் மறுக்கப்பெற்றவர்க்குப் பாஸ்டனில் நிலையான இருக்கை மறுக்கப்பெற்றது. அவர் மனங்கசந்து ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. 1940-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

இலையிற் பிறந்த மருந்து

லெடர்லேயில் அவர் மேற்கொண்ட பெரும்பணி ஃபோலிக் அமிலம் பற்றியது. அதன் வரலாறு இந்தியாவிலேயே தொடங்கியது. 1928-ஆம் ஆண்டு முதல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாயில், துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்டிரைத் தாக்கிய குருதிச் சோகையை ஆராய்ந்தார். நீலகிரி மலையில் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். கருவுற்ற பெண்டிரின் சோகையை ஈஸ்டுச் சாறு தீர்க்கக் கண்டார். அச்சாற்றில் உள்ள நலந்தரு பொருள் யாதென்று அப்போது தெரியவில்லை. 1941-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் சிலர் பசலையினக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

மலைபோற் குவிந்த கீரையிலிருந்து கடுகளவே அப்பொருள் கிடைத்தது. கடுகளவு கொண்டு உலகின் நோய் தீர்த்தல் எங்ஙனம் கூடும்? ஆதலின் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்க வேண்டும் என்று சுப்பாராவின் குழுவினர் முயன்றனர். 1945-ஆம் ஆண்டு அம்முயற்சி வெற்றி பெற்றது. மருந்து மருத்துவர் கைக்கு வந்ததும், அதனால் சோகை தீர்வதும், ஸ்ப்ரூ நோய் தணிவதும் கண்டனர். உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு சென்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து அவர் மருந்து தந்தார். அவர்களைக் காக்க இயலாதவர், அவர்கள்போல் வாடிய பலரைக் காத்தார்.

போலித் திறவுகோல்

நம் உடலிலுள்ள உயிரணுக்கள் ஒன்று இரண்டாகிப் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அஃது ஒரு பூட்டைத் திறக்கும் திறவுகோல் போன்றது. அத்திறவுகோலைப் போன்ற வடிவமுடைய போலித் திறவுகோல் ஒன்றைப் பூட்டிற் செலுத்தினால் யாது நேரும்? அது பூட்டுக்குள் நுழையும், ஆயின் திறவாது. உண்மைத் திறவுகோல் நுழையவும் இடமிராது. உயிரணுவின் பெருக்கம் தடைப்படும்.

பாஸ்டனில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்து வந்த சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமில வகை மருந்துகளைத் தந்தபோது நோய் தணியாமல் விரைவதாகக் கண்டார். அவ்வாறாயின் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயைத் தணிக்கும் அன்றோ என்று எண்ணினார். அத்தகைய போலித் திறவுகோல்களை லெடர்லேயில் சுப்பாராவின் குழுவினர் ஆக்கி அனுப்பினர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதனைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் தற்காலிகமாக நலம் பெற்றனர் என்று 1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஃபார்பர் அறிவித்தார். அதற்கு முன் அந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோர்க்கு நம்பிக்கை என்று ஒன்றிருந்ததில்லை.

அமினோப்டெரினுக்கு உடன்பிறப்புப் போன்ற மற்றொரு பொருளும் அதே ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அதுவே மெதோட்ரெக்சேட். புற்றுநோய்க்கெனப் பிறந்த அது, பின்னாளில் மூட்டு நோய்க்கும் மருந்தாகும் என்பதை அன்று யாரும் அறிந்திலர்.

பிற அரும்பணிகள்

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை அழிக்கும் டை எத்தில் கார்பமசைன் என்னும் மருந்தைச் சுப்பாராவின் குழுவினர் 1947-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இம்மருந்து பிற்காலத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பல ஆண்டுகள் வீடுதோறும் வழங்கப்பெற்றது.

எழுபது வயது கடந்து பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர அறிஞர், லெடர்லேயில் ஆராய்ச்சி செய்ய இடம் பெற்றார். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தை அவர் கண்டார். அது 1948-ஆம் ஆண்டு உலகுக்கு வெளியாயிற்று. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தில் முதலில் தோன்றியது அதுவே. அவ்வெற்றியின் புகழ் டக்கருக்குச் செல்வதைச் சுப்பாராவ் மகிழ்ந்து கண்டார். குழுவின் வெற்றியில் தம் பெயரைப் பின்னிறுத்தி உடனுழைத்தோர் பெயரை முன்னிறுத்துவது அவர் இயல்பு.

மறைவு

இங்ஙனம் ஓயாது உழைத்த உடல் நெடுநாள் தாங்கவில்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் காலை, உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்திருக்கக் கண்டனர். அப்போது அவருக்கு வயது 53. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடிமகனாகவில்லை. தாய்நாடு விடுதலை பெற்ற ஓராண்டுக்குள் அவர் வாழ்வு முடிந்தது. விடுதலை பெற்ற நாட்டை அவர் கண்ணாற் கண்டாரில்லை.

மூட்டுக்கு வந்த மருந்து

சுப்பாராவ் மறைந்த மறுமாதம், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்குவாதத்தால் வருந்திய பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தினார். அசைய இயலாதிருந்தவர் சில நாட்களில் நடந்தார். உலகம் வியந்தது. ஹென்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய அறிஞர்க்கும் 1950-ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. மூட்டு நோய் ஆராய்ச்சி பெற்ற பெருஞ்சிறப்பு அது. ஆனால் அம்மருந்தை நெடுநாள் மிகுதியாக உண்டோர்க்கு எலும்பு நலிதல் முதலிய வேறு இன்னல்கள் விளைந்தன.

அடுத்த ஆண்டு, அதாவது 1951-இல், கப்னர் என்னும் மருத்துவரும் அவருடன் உழைத்தோரும் ஒரு செய்தி வெளியிட்டனர். முடக்குவாதமுற்ற சிலருக்கு அமினோப்டெரின் தந்தபோது மூட்டு வீக்கம் குறைந்ததென்பதே அச்செய்தி. கார்ட்டிசோனின் புகழொலியில் அது பெரிதாகக் கேட்கவில்லை. புற்றுநோய்க்குரிய மருந்தை மூட்டு நோய்க்குத் தருவதா என்று அஞ்சியோரும் பலர். ஆயினும் சில மருத்துவர் விடாது முயன்றனர். மெதோட்ரெக்சேட்டை மிகச் சிறிய அளவில், வாரம் ஒருமுறை தந்து பல ஆண்டுகள் கவனித்தனர். 1980-களில் முறையான சோதனைகள் அதன் பயனை உறுதி செய்தன. 1988-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துத் துறை முடக்குவாதத்திற்கு அதனை ஒப்புக்கொண்டது. சுப்பாராவ் மறைந்து நாற்பதாண்டுகள் அப்போது நிறைந்திருந்தன.

சிறிய அளவில் உண்ணும்போது இம்மருந்து, வழிதவறிய காவற்படையின் சீற்றத்தைத் தணிக்கின்றது. உடலில் அடினோசின் என்னும் பொருளை மிகுவித்தே அது வீக்கத்தை அடக்குகின்றது என்று அறிஞர் பலர் கருதுவர். அடினோசின், சுப்பாராவ் தசையில் கண்ட ஏ.டி.பி.யின் ஓர் உறுப்பேயாகும். இளமையில் அவர் கண்ட பொருளும் முதுமையை எட்டுமுன் அவர் குழு ஆக்கிய பொருளும் மூட்டுக்குள் இவ்வாறு சந்திக்கின்றன.

இம்மருந்தை மருத்துவர் மேற்பார்வையில், வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணுதல் வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடாம். கருவுற்ற பெண்டிர் இதனை உண்ணலாகாது. இதனை உண்போர்க்கு வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர் உடன் தருவர். மருந்தால் வாயிற் புண் முதலிய துன்பங்கள் விளையாமல் அது காக்கின்றது. நோயைத் தடுக்கும் போலித் திறவுகோலும், உடலைக் காக்கும் உண்மைத் திறவுகோலும் ஒரே ஆய்வுக்கூடத்தின் கொடைகள். அவை இரண்டும் ஒரே மருந்துச் சீட்டில் அடுத்தடுத்து எழுதப்பெறுகின்றன. அச்சீட்டில் சுப்பாராவ் என்னும் பெயர் இராது.

நிலைத்த புகழ்

சுப்பாராவுக்கு நோபெல் பரிசு கிட்டவில்லை. அவர் மறைந்த பின் காளான் இனம் ஒன்றிற்கு அவர் நினைவாகச் சுப்பரோமைசஸ் என்று பெயரிட்டனர். பிறப்பின் நூற்றாண்டு நிறைந்த 1995-ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அவருக்கு முழுப் பட்டம் தராத சென்னை மருத்துவக் கல்லூரியில், மூட்டு நோய்களுக்கெனவே தனித் துறை ஒன்று பின்னாளில் எழுந்தது. அவர் குழு தந்த மருந்தை அங்கே ஏழை நோயாளர் பெறுகின்றனர். மறுக்கப்பெற்ற பட்டத்திற்கு இதனினும் சிறந்த ஈடு வேறில்லை.

அறிவியல் என்பது ஒருவர் கட்டும் மாளிகையன்று. பலர் நெய்யும் ஆடை. பம்பாயில் ஆலைத் தொழில் செய்த பெண்டிரின் துயரைக் கண்டு லூசி வில்ஸ் ஓர் இழை தந்தார். கீரையை ஆராய்ந்தோர் ஓர் இழை தந்தனர். சுப்பாராவும் அவர் குழுவினரும் பல இழைகளைச் சேர்த்தனர். ஃபார்பரும் கப்னரும் அவர்க்குப் பின் வந்தோரும் நெய்து முடித்தனர். ஆடையை உடுத்துவோர் ஒவ்வோர் இழையின் பெயரையும் கேட்பதில்லை. ஆயினும் ஓர் இழை அறுந்திருந்தால் ஆடை நிறைவுற்றிராது. அறிவியல் வல்லாரைப் போற்றுங்கால், பரிசு பெற்றோரைப் போற்றுவதோடு நில்லாமல், பெயர் மறைந்தோரையும் தேடிக் கண்டு போற்றுதல் நன்றியறிவுடையார் கடமையாகும்.

திருப்பூரில் பனியன் தைக்கும் பெண் ஒருத்தி, முடக்குவாதம் பற்றிய விரல்களோடு மருத்துவமனைக்குச் செல்கின்றாள் என்று கொள்வோம். வாரம் ஒருமுறை உண்ணும் சிறு மாத்திரையை அவள் பெறுகின்றாள். சில வாரங்களில் காலை விறைப்புக் குறைகின்றது. விரல்கள் மெல்ல மடங்குகின்றன. அவள் மீண்டும் பொறியின் முன் அமர்கின்றாள். அவள் வீட்டில் அடுப்பெரிகின்றது. ஒரு காலத்தில் கதர் விளைந்த ஊரில், கதருக்காகப் பட்டம் இழந்தவரின் உழைப்பு இவ்வாறு பயன் தருகின்றது. அவர் பெயரை அவள் அறியாள். அவள் விரல்கள் அசைவதே அவர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னமாகும்.